மட்டக்களப்பு வாவிக்கரையிற் குளிர்த்தியும் உளநலமும்

மனத்தின் நலம் பேணுதல் என்பது அண்மைக்காலத்தில் மேலைநாட்டு மருத்துவத்தோடு இலங்கைக்கு வந்து சேர்ந்த பொருள் எனக் கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. துயரும் சினமும் அச்சமும் மாந்தரை எவ்வாறு வருத்துகின்றன, அவற்றை எவ்வாறு தணித்தல் கூடும் என்னும் சிந்தனை தமிழரிடையே தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அழுகையையும் அச்சத்தையும் வெகுளியையும் உவகை, பெருமிதம் என்பவற்றோடு ஒருங்கு வைத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நந்நான்கு எனக் கூறினார். திருவள்ளுவர் வெகுளாமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். இவை நூலோர் வழக்கு. நூலறியாத பொதுமக்கள் தம் அன்றாட வாழ்விலும் ஊர்ச் சடங்குகளிலும் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பது தனியே ஆராய்தற்குரியது. அவ்வாராய்ச்சிக்கு மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்கள் சிறந்த களமாக உள்ளன.

முதற்கண் மக்கள் வழங்கும் சொற்களை நோக்குதல் வேண்டும். தமிழில் மனத்தின் துன்பத்தைக் குறிக்கும் சொற்களுட் பல வெம்மையின் அடியாகப் பிறந்தவை. மனம் வேகின்றது, வயிறு எரிகின்றது, நெஞ்சு பற்றுகின்றது, உள்ளம் கொதிக்கின்றது என்றே மக்கள் கூறுவர். துன்பம் நீங்கியவிடத்து மனம் குளிர்ந்தது என்பர். சினம் தணிந்தது என்பர். ஆறுதல் என்னும் சொல் இவ்வகையில் மிக்க பொருளுடையது. அடுப்பினின்று இறக்கிய சோறு ஆறும், புண் ஆறும், துயருற்ற மனமும் ஆறும். வெம்மை நீங்குதல், காயம் மாறுதல், துயர் தீர்தல் என்னும் மூன்றினையும் ஒரு சொல்லே உணர்த்துகின்றது. இம்மொழி வழக்கினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். உடலின் நோயையும் மனத்தின் நோயையும் பொதுமக்கள் முற்றாகப் பிரித்துக் கண்டிலர் என்பது ஒன்று. ஆறுதற்குக் காலம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று.

மட்டக்களப்பு நாட்டை அந்நாட்டு மக்கள் வாவியை எல்லையாகக் கொண்டு இரு கூறாக வழங்குவர். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. எழுவான்கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் ஆரையம்பதி. ஆரைப்பற்றை என்பது அதன் பழைய பெயர். அவ்வூரிற் கண்ணகியம்மனுக்குக் கோயிலுண்டு. ஆரையம்பதி மட்டுமன்றி, வாவியின் இருகரைகளிலும், தெற்கே காரைதீவு முதலிய ஊர்களிலும் கண்ணகி வழிபாடு வேரூன்றி நிற்கின்றது. சிலப்பதிகாரத்து இசைச் செய்திகளைத் துருவி ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் (1892–1947) பிறந்த ஊரும் கண்ணகி கோயில் கொண்ட காரைதீவேயாகும். வைகாசித் திங்களில் இக்கோயில்களில் நிகழும் சடங்கின் நிறைவுப் பகுதியே குளிர்த்தி எனப்படுவது.

இவ்வழிபாட்டின் தோற்றம் பற்றிய செய்திகள் சிலப்பதிகாரத்தோடு தொடர்புடையன. கோவலன் கள்வனெனத் தவறாகக் கொல்லப்பட்ட பின்னர்க் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்து வென்றாள், ஆயினும் அவள் சினம் அவ்வளவில் அடங்கவில்லை, மதுரை எரியுண்டது. அந்நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை, அதன் பின்னர்ப் பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் பெருகின என்றும், கண்ணகிக்கு விழாச் செய்தபின் அவை நீங்கின என்றும், இலங்கை வேந்தனாகிய கயவாகுவும் அவளுக்குக் கோட்டம் அமைத்து விழா எடுத்தான் என்றும் கூறுகின்றது. கயவாகு என்பவன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகு எனப் பொதுவாகக் கொள்வர். ஆயினும் மகாவம்சம் அம்மன்னனைப் பற்றிக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டைக் குறிப்பிடவில்லை. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினித் தெய்வ வழிபாடு பற்றி 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், கஜபாகு பற்றிய இக்கதையை நேரிய வரலாறாகக் கொள்ளுதல் இயலாதென வாதிட்டுள்ளார். எனவே, வழிபாடு வந்த காலத்தை ஒரு மன்னன் பெயரால் வரையறுத்தல் பொருந்தாது. ஆனால், தணியாத சினம் நாட்டுக்கே நோயாகும் என்பதும், அச்சினத்தைத் தணித்தல் நாட்டவர் அனைவரின் கடன் என்பதும் உரைபெறு கட்டுரை எழுதப்பட்ட காலத்திலேயே நிலவிய கருத்துக்கள் என்பது தெளிவு.

மட்டக்களப்பில் இக்கருத்து ஒரு சடங்காக உருப்பெற்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலும், 1968ஆம் ஆண்டில் அவர் பதிப்பித்த கண்ணகி வழக்குரையும் இதனை ஆராய்வோர்க்குப் பெருந்துணை செய்வன. கோயில்கள் பலவற்றில் ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும் கதவு வைகாசியில் திறக்கப்பெறும். கட்டாடியார் எனவும் கப்புகனார் எனவும் அழைக்கப்பெறுவோர் சடங்கினை நிகழ்த்துவர். சடங்கு நாள்களிற் கண்ணகி வழக்குரை பாடப்பெறும். கல்யாணக்கால் நடப்பெறும். பெண்கள் நேர்த்திக்கடன் வைத்துப் பொங்குவர். இறுதிநாளிற் குளிர்த்திப் பாடல் ஓதப்பெற்றுத் தெய்வத்தின் வெம்மை தணிக்கப்பெறும். நீரும் வேப்பிலையும் அச்சடங்கில் இன்றியமையாதன. மதுரையை எரித்துவந்த கண்ணகியின் கொதிப்பை ஆயர் மகளிர் பாலும் வெண்ணெயும் கொண்டு தணித்தனர் என்னும் கதை ஈழத்து நாட்டார் வழக்கில் இன்றும் உண்டு.

இச்சடங்கின் வரிசைமுறை உற்று நோக்கற்பாலது. தெய்வத்தை நோக்கி முதலிலேயே சினம் ஆறுக என்று வேண்டுவதில்லை. பல நாள்கள் அவள் வழக்குக் கேட்கப்படுகின்றது. இழைக்கப்பட்ட தீங்கு ஊரறியச் சொல்லப்படுகின்றது. அவள் சினம் நியாயமானது என்பதை ஊர் முழுவதும் ஒப்புக்கொள்கின்றது. அதன் பின்னரே குளிர்த்தி நிகழ்கின்றது. வழக்குரை முன், குளிர்த்தி பின் என்னும் இவ்வொழுங்கு, துயருற்றோரை ஆற்றுதற்குரிய வழி யாது என்னும் வினாவிற்கு ஒரு விடையாக அமைந்துள்ளது. துன்புற்றவன் சொல்வதைச் செவிமடுக்காது, பொறுத்துக்கொள் என்று கூறுதல் ஆறுதலாகாது என்பதே அவ்விடை.

குளிர்த்தியோடு சேர்த்து எண்ணத்தக்கது கொம்பு விளையாட்டு. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, கவர்த்த கொம்புகள் இரண்டினைக் கொளுவி, ஒன்று முறியுமட்டும் இழுப்பர். வடசேரியைக் கோவலன் கட்சி என்றும் தென்சேரியைக் கண்ணகி கட்சி என்றும் கூறுவர். வென்றோர் தோற்றோரை வசைபாடுதலும் உண்டு. பிறநாள்களிற் பகையாக முடியும் சொற்கள் அன்று விளையாட்டாகக் கொள்ளப்படும். சிங்கள மக்களிடையே இதனை ஒத்த விளையாட்டு அங்கெலிய என வழங்கும். ஒபயசேகர அதனை ஆராய்ந்து, அன்றாட வாழ்வில் அடக்கிவைக்கப்படும் உணர்ச்சிகள் ஊரவர் முன்னிலையில் வரம்புக்குட்பட்டு வெளிப்படுதற்கு அது வாயிலாகின்றது என்னும் கருத்துப்பட விளக்கினார். மழை வேண்டியும் நோய் நீங்கவும் இவ்விளையாட்டு நிகழ்த்தப்பெற்றது என்பது ஊரவர் கொள்கை. இருவகை விளக்கமும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை.

உடல்நோய்க்கும் இவ்வழிபாட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு வைசூரியால் வலுப்பெற்றது. அம்மாள் வருத்தம் என வழங்கும் அந்நோய் கண்ட வீட்டில் வேப்பிலை செருகுதலும், குளிர்ச்சியான உணவு கொடுத்தலும், உரத்த பேச்சும் சண்டையும் ஒழித்தலும் வழக்கமாயின. வைசூரி உலகினின்றும் ஒழிந்தது என 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனை ஒழித்தது அம்மைப்பால் குத்துதலேயன்றிச் சடங்கன்று. எனினும், நோயாளியைச் சூழ்ந்த வீட்டை அமைதிப்படுத்தும் வழக்கம் நோயாளியின் மனத்துக்கும் அஞ்சி நின்ற குடும்பத்துக்கும் செய்த உதவி மறுக்கற்பாலதன்று.

அன்றாட வாழ்வில் மனத்துக்கு அரணாக நின்ற மற்றொன்று மட்டக்களப்பின் குடிவழி முறை. தாய்வழியாகக் குடி எண்ணப்படும் இந்நாட்டில், வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். மணமான பெண் தாய்வீட்டை விட்டுத் தொலைவு செல்வதில்லை. கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். தாயும் தமக்கையும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இம்முறை ஒத்திருத்தலை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பிள்ளைப்பேறு, நோய், சாவு என்பன நேருங்கால் ஒரு பெண் தன் துயரைச் சொல்லுதற்கு வேலிக்கு அப்பால் ஒருத்தி இருந்தாள். மருத்துவமனையும் ஆலோசகரும் இல்லாத காலத்தில் இவ்வேலியோரப் பேச்சே பெரும்பாலார்க்குக் கிடைத்த உளமருந்து.

ஆங்கில அரசு மேற்கொண்ட வழி இதனின்றும் வேறுபட்டது. 1873ஆம் ஆண்டுப் பைத்தியர் கட்டளைச் சட்டம், மனநோயாளரைக் காவலில் வைத்தல் பற்றியே பெரிதும் கவலைகொண்டது. 1920களில் அங்கொடையில் எழுந்த பெரிய மருத்துவமனை நெடுங்காலம் நாட்டின் உளமருத்துவத்துக்கு நடுவிடமாக விளங்கிற்று. மட்டக்களப்பினின்றும் அங்கு அனுப்பப்பட்ட ஒருவர் தம் மொழியையும் ஊரையும் உறவையும் ஒருங்கே பிரிந்தார். விசர் என்ற சொல்லோடு அங்கொடை என்ற ஊர்ப்பெயரும் வசையாயிற்று. நோயை ஒளிப்பதே குடும்பத்தின் மானத்துக்கு ஏற்றது என்னும் எண்ணமும் அதனால் வலுத்தது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. ஆயினும் அதன்பின் வந்த போரே மக்கள் மனத்தை மிகப் பெரிதும் சோதித்தது. 1990ஆம் ஆண்டு கிழக்கிலங்கை வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆரையம்பதிக்கு அயலூராகிய காத்தான்குடியிற் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிற் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் புகலடைந்திருந்த தமிழர் பலர் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர். வேலிக்கு வேலி பேசிப் பழகிய இரு சமூகத்தார் ஒருவர்க்கொருவர் அஞ்சலாயினர். துயரை வாய்விட்டுச் சொல்வதும் ஆபத்தாயிற்று.

இறந்தவர்க்கு ஈமக்கடன் உண்டு, எட்டுச் சடங்கு உண்டு, ஒப்பாரி உண்டு. காணாமற்போனவர்க்கு இவற்றுள் ஒன்றும் செய்தற்கில்லை. உயிரோடிருக்கின்றான் எனில் அழுதல் தகாது. இறந்தான் எனில் அழாதிருத்தல் தகாது. தாய்மாரும் மனைவியரும் இவ்விரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றனர். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ், வியட்நாம் போரிற் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை ஆராய்ந்து, இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். முடிவறியாமையே அதன் கொடுமை என்பது அவர் கண்ட உண்மை.

இக்காலத்தில் மட்டக்களப்பில் ஆய்வு நடத்திய மானிடவியலறிஞர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களிலே தெய்வமாடி வாக்குச் சொல்வோர் ஆற்றிய பணியை எழுதியுள்ளார். காணாமற்போன மகனைப் பற்றிக் கேட்டுவரும் தாய்க்கு, தெய்வமாடுபவர் அம்மகன் பட்ட வேதனையைத் தம் உடலில் தோற்றுவித்துக் காட்டினார். வெளியிற் சொல்ல முடியாதது கோயிலிற் சொல்லப்பட்டது. பலர் கூடி அழுதனர். கண்ணகியின் வழக்கைக் கேட்கப் பழகிய மக்கள் தம்முள் ஒருத்தியின் வழக்கையும் அவ்வாறே கேட்டனர் எனலாம். ஆயினும் இதனை ஆராயுமிடத்து நடுநிலை வேண்டும். வாக்கு எப்போதும் மெய்யாதல் இல்லை. மகன் உயிரோடுளன் என்ற வாக்கை நம்பிக் காத்திருந்த தாய்க்கு அந்நம்பிக்கையே பின்னர்ச் சுமையாதலும் கூடும். கோயில் துயரைக் கேட்டது. அதனால் உண்மையைக் கண்டறிந்து தர இயலவில்லை. அது அரசின் கடன். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

சிறுவர் பொருட்டு எழுந்த முயற்சியொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனை அமைத்தனர். போராற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒருங்கு கூடி, ஓவியத்தாலும் கதையாலும் விளையாட்டாலும் தம் மனத்திலுள்ளதை வெளியிடுதற்கு அது இடமளித்தது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கிற்று. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உளவள ஆலோசனை வழங்குதற்கெனப் பல நாட்டினர் வந்தனர். அவர்களுட் சிலர் மொழியறியாதார். சில நாள் தங்கி மீண்டோர் பலர். ஒரே அமர்வில் துயரையெல்லாம் சொல்லுவித்தல் பயன் தராது, சிலர்க்குத் தீங்கும் செய்யக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. உணவு, உறையுள், உறவினரைத் தேடிச் சேர்த்தல், வற்புறுத்தாது செவிமடுத்தல் என்பனவே முதலில் வேண்டியவை என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. வாவிக்கரை ஊர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த முறையும் இதுவே.

வீடமைப்பிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. கடலோரத்தில் வீடு கட்டலாகாது என அரசு விதித்த எல்லை வடக்கு கிழக்கில் 200 மீற்றர் ஆயிற்று. மக்கள் வேற்றிடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். மக்கில்வ்ரேயும் லோறன்சும் காட்டியவாறு, கிழக்கிலங்கைப் பெண்ணுக்கு வீடு கூரை மட்டுமன்று. அது தாய் தந்த சீதனம், மகளுக்குக் கொடுக்கவேண்டிய முதுசம். தமக்கை ஓரிடமும் தங்கை ஓரிடமுமாகக் குடியேற்றப்பட்டபோது வேலியோரப் பேச்சும் உடன் அழிந்தது. புதிய வீட்டில் இருந்துகொண்டே ஒருத்தி மனம் வெதும்புதற்குக் காரணம் இதுவே.

பேரலையின் பின் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பியிராது மாவட்டந்தோறும் உளமருத்துவ சேவையைப் பரப்ப வழிசெய்தது. அதனால் நோயாளி தம் ஊருக்கு அண்மையிலேயே மருத்துவம் பெறும் நிலை வளர்ந்தது.

உணர்ச்சியின் கொதிப்பு ஆறுதற்குக் காலம் வேண்டும் என்னும் பழங்கருத்துக்கு வலிமையான சான்று ஒன்று இலங்கையின் அண்மை வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றது. 1995ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. அவருட் பலர் நெடுநாள் எண்ணித் துணிந்தவரல்லர். வீட்டில் எழுந்த சச்சரவின் சூட்டிலே, வயலுக்கென வாங்கி வைத்திருந்த நஞ்சினால் அழிந்தவர். 1995ஆம் ஆண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் சினமும் துயரும் பாதியாகக் குறைந்துவிடவில்லை. கொதித்த வேளையிற் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமையால், மனம் ஆறுதற்குக் காலம் கிடைத்தது. பிழைத்தவர் உறவினரிடம் மீண்டனர்.

இவ்வரலாற்றை ஆராய்வோர் குளிர்த்தியை மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்ளுதல் தவறாகும். உறக்கமும் உணவும் நெடுநாள் ஒழிந்தவர், உயிர்வாழ்தலில் வெறுப்புற்றவர், பிறர் கேளாத குரல்களைக் கேட்பவர் ஆகியோர்க்கு மருத்துவரின் துணை இன்றியமையாதது. தெய்வக்குற்றம் எனக் கருதிக் காலந்தாழ்த்தலாற் கெட்ட குடும்பங்கள் உண்டு. கோயில் உரிமைகளும் முதன்மைகளும் குடிகளிடையே பூசலை விளைத்தமையும், சில குலத்தார் புறத்தே நிறுத்தப்பட்டமையும் மறைத்தற்குரியன அல்ல. புறத்தே நிறுத்தப்பட்டவனுக்கு அச்சடங்கு குளிர்ச்சி தந்திராது. மேலும் ஒரு வெம்மையையே தந்திருக்கும். அயலிலுள்ள முஸ்லிம் மக்கள் தம் துயரைத் தம் மார்க்கத்தின் வழியிலேயே ஆற்றிக்கொள்வர். ஆதலின் குளிர்த்தி எல்லார்க்கும் பொதுவாகிய ஒரே வழியன்று.

ஆயினும், அச்சடங்கினுள் அமைந்த ஒழுங்கு சமய எல்லையைக் கடந்தும் பொருந்துவது. துன்புற்றவரின் வழக்கை முதலிற் கேட்டல் வேண்டும். அவர் துயரும் சினமும் காரணமுடையன என்பதை ஏற்றல் வேண்டும். ஆறுதற்குக் காலம் கொடுத்தல் வேண்டும். அக்காலமெல்லாம் அவரைத் தனியே விடாது உடனிருத்தல் வேண்டும். வீட்டிலும் வகுப்பறையிலும் வேலைத்தலத்திலும் ஒவ்வொரு நாளும் செய்யக்கூடியவை இவை, பொருட்செலவு வேண்டாதவை. போராலும் பேரலையாலும் உற்றாரை இழந்தவர்களுட் பலர் இன்றும் ஆரையம்பதி முதலிய வாவிக்கரை ஊர்களில் வாழ்கின்றனர். வைகாசிதோறும் கதவு திறக்கின்றது. பழைய வழக்கு மீண்டும் பாடப்படுகின்றது. ஒரு காவியத் தலைவியின் வழக்கை ஆண்டாண்டு தோறும் பொறுமையோடு கேட்கும் ஓர் ஊர், அடுத்த வளவில் மகனை இழந்து நிற்கும் தாயின் வழக்கையும் அதே பொறுமையோடு கேட்குமாயின், குளிர்த்தி என்னும் பெயர் அன்றே முழுப்பொருளும் பெறும்.